பலவேசம் எழுதிய நோட்டீஸ்

எண்பத்து மூன்று. கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த உடனே கொம்பையாவின் கண் தானாக எண்ணி முடித்துவிட்டது. ஐம்பது வருடப் பழக்கம், எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பிள்ளைகளைக் கழித்து, மைக்செட்காரனைக் கழித்து, வேடிக்கை பார்க்க நிற்கிறவனைக் கழித்து எண்ணும். கழித்த பிறகும் எண்பத்து மூன்று, ஒரு தகரக் கூரைக்குக் கீழே, தூத்துக்குடியிலிருந்து உப்பளத்துக்குப் போகிற ரோட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. பிரியாணி கிடையாது, வேன் கிடையாது, வீடு வீடாகப் போய்க் கூப்பிட ஆள் கிடையாது, தானாக நடந்து வந்த எண்பத்து மூன்று பேர். போன மே தினத்தில் அவர் பேசியபோது பதினொரு பேர், அதில் இரண்டு பேர் மப்டி போலீஸ். முக்கால்வாசி உப்பள ஜனம், அவர் கொடி ஏற்றிய தெருக்களில் பிறந்ததுகள். பெண்கள் பக்கம் பூராவும் வெள்ளைச் சேலை, காதிலும் மூக்கிலும் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. தங்கம் அடிமைச் சங்கிலி, கழற்றி எறியுங்கள் தாய்மார்களே என்று தொண்டை கிழிய அவர் பேசிய காலத்தில் ஒருத்தி கழற்றினாளா, கம்மலை இன்னும் இறுக்கித் திருகிக்கொண்டாள். இந்தப் பாஸ்டர் சொன்னார், கழற்றிவிட்டார்கள். மேடைக்கு முன்னால் தரைப் பலகைகளைத் தூக்கி எடுத்திருந்தார்கள். கீழே சிமெண்டுத் தொட்டி, இடுப்பளவுத் தண்ணீர், தண்ணீரில் டியூப்லைட் ஆடியது. தொட்டி ஓரத்தில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, கைகட்டி, புதுப்பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை மாதிரி பலவேசம் நின்றான். அறுபத்தெட்டு வயது. இரண்டு நாளாக நம்பாமல் இருந்தாயிற்று, இனி எப்படி நம்பாமல் இருப்பது, அதோ நிற்கிறான். மூன்றாவது வரிசையில், முதுகைக் காட்டிக்கொண்டு, நரைத்த கொண்டையோடு பூரணம். இருளப்பன் பெண்டாட்டி. இன்றைக்கு இவன் வாயைத் திறந்தால் அந்த முதுகு திரும்பும். அதற்காகத்தான் வந்திருக்கிறோம், ஞானஸ்நானம் பார்க்க அல்ல, அந்த முதுகு திரும்புகிறதா என்று பார்க்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலவேசம் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான், அதுவே புதுசு, நாற்பது வருடம் செருப்போடு உள்ளே வந்து கொடியில் கிடக்கிற துண்டை எடுத்து முகம் துடைக்கிறவன். பீடி நாற்றம் இல்லை. "என்னலே, எந்தச் சோப்பு போட்டுக் குளிச்ச?" என்று கேட்டபோது சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம முழுக்கு எடுக்கேன் பிரதர், நீங்க வந்துரணும்." பிரதர்! கொம்பையாவுக்கு அந்த வார்த்தை செவிட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஜெயிலில் ஒரே பாயில் படுத்தவன், தோழரே என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான், அதையும் "தோளரே" என்றுதான் சொல்வான். "அண்ணாச்சின்னு கூப்பிடு, இல்லன்னா வெளிய போ" என்றார். "சரி அண்ணாச்சி." உட்காரவில்லை. முழுக்குக்கு முன்னால், தீங்கு செய்தவர்கள் எல்லார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டு ஒப்புரவாகி வரணுமாம், அது அங்கே சட்டமாம், போய்க்கொண்டிருக்கிறானாம். முன்னே ஒரு கல்யாண வீட்டில் அடித்த டெய்லர், பல்லு போன கிளீனர், பெண்டாட்டியின் தம்பி. "நாப்பது வருசம் ராத்திரியும் பகலும் ஒனக்குப் படிச்சுக் காட்டினேனே, ஏறல. மூணு மாசத்துல அந்த ஆளு ஏத்திட்டாரோ?" அதற்கு அவன் சொன்ன பதில்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது: "நீங்க படிச்சுக் காட்டினது பூராவும் அடுத்தவன் செஞ்ச தப்பு அண்ணாச்சி. இது நான் செஞ்சது." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் இருந்தது. பாரம் இறக்கினவன் குரலில் சொன்னான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாட்சி சொல்லணும். எல்லாத்தையும் சொல்லப்போறேன். பூரணத்துக்கிட்ட மட்டும் தனியாப் போவல, அவளும் சபையிலதான இருக்கா, எல்லாத்துக்கும் முன்னாலயே சொல்லிருதேன்" என்றான். கொம்பையா ஒன்றும் கேட்கவில்லை. எதை என்று கேட்டிருக்கலாம். என் பேரையா என்று கேட்டிருக்கலாம். ஐந்தாயிரம் பேருக்கு நடுவே கேள்வி கேட்டே பெயர் வாங்கின ஆளுக்கு ஒரு கேள்வி வரவில்லை.

பாட்டு தொடங்கியிருந்தது. கீபோர்டு, டிரம்ஸ், பெண்கள் கையில் கஞ்சிரா. பக்கத்து நாற்காலி ஆள் பாட்டுப் புத்தகத்தை அவர் மடியில் வைத்துப் பக்கத்தையும் விரித்து விட்டான். வேண்டாம் என்று தள்ளினார், அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் வைத்தான். சிரிப்பைப் பார், வாங்கின அடியைத் திருப்பிக் கொடுக்காத சிரிப்பு. இதைத்தான் மழுங்கடிப்பது என்று எழுதினோம், எழுதி எழுதி ஒரு தலைமுறைக்கே மனப்பாடம், அந்தத் தலைமுறை எங்கே, படிப்பகம் எங்கே, படிப்பகத்தில் செல்போன் கடை இருக்கிறது. பாஸ்டர் முப்பத்தைந்து வயசுப் பையன், ஒடிசலாக, கண்ணாடி போட்டு. பேச்சாளன் காதோடு கொம்பையா அவனை நிறுத்துப் பார்த்தார். தொடக்கம் சரியில்லை, மைக்கைக் கடிக்கிறான், ஆனால் நிறுத்தத் தெரிகிறது, எங்கே நிறுத்தினால் ஜனம் மூச்சு விடும் என்று தெரிந்திருக்கிறது. பழைய மனுசனைக் கழற்றிப் போடணும் என்கிறான், அழுக்குச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி. சட்டை என்றால் கழற்றலாம், தோல் என்றால்? பலவேசத்தின் முழங்காலுக்குக் கீழே தோலா அது, உப்பு தின்று தின்று மரப்பட்டை. உப்பை வாரிப் பெட்டியில் அள்ளித் தலையில் வைத்தால் உப்பைக் குவிக்கிற அம்பாரம் வரைக்கும் ஓட்டமாக ஓடுவான், இரண்டு ஆள் சுமை. அவர் மேடை ஏறினால் மேடைக்குப் பின்னால் நிற்பான், கல்லு வந்தால் பாய்ந்து முன்னால் வருவான், முதல் கல்லு அவன் நெற்றிக்கு. ஒரு தடவை வந்தது, ஏழு தையல். "ஒங்க தலைக்குள்ள சரக்கு இருக்கு அண்ணாச்சி, என் தலையில என்ன இருக்கு, சும்மாடுதான்" என்று தையல் போடும்போதே சிரித்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக் கற்றுக்கொடுக்க ஒரு வருடம் முயன்று விட்டுவிட்டார், பேனாவைக் கடப்பாரை மாதிரி பிடிப்பான், தாள் கிழியும், கடைசி வரைக்கும் பெருவிரல்தான். அந்தப் பெருவிரல் இப்போது மைக்கைப் பிடிக்கப் போகிறது. வியர்த்தது. மேலே மின்விசிறி சுற்றுகிறது, தகரத்தின் சூட்டை அள்ளி அள்ளித் தலையில் கொட்டுகிறது. பூரணத்தின் பக்கத்தில் ஒரு நடுவயசுப் பெண் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள், பூரணம் பாடவில்லை, தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள்.

எண்பத்தொன்றாம் வருடம். வேலைநிறுத்தம் முப்பத்தேழாவது நாள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, காலுக்கு பூட்ஸ், பொம்பளை ஆளுக்கும் ஆம்பளை ஆளுக்கும் ஒரே கூலி. இன்றைக்குக் கேட்டால் இதற்கா போராட்டம் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அந்தக் கண்ணாடி இல்லாமல் வெள்ளை உப்பின் வெயிலில் குருடானவர்களை அவர் கைப்பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார். அது உண்மை. அதை எந்தத் தொட்டியில் முக்கினாலும் அது உண்மை. முப்பத்தேழாவது நாள் கூட்டத்தில் பேசியது முப்பத்தெட்டாவது நாள் காலையில் முதலாளிக்குத் தெரிந்தது. எவனோ சொல்கிறான். எவன் என்று கொம்பையாவுக்கு அன்றைக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது, அதுதான், அதுதான், அந்த இடத்தில்தான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் கால் இடறும், தாண்டிப் போகப் பார்க்கும், சுற்றிக்கொண்டு மறுபடி அங்கேயே வரும். தெரிந்துவிட்டது. சங்கத் தலைவரின் சொந்த மச்சினன். தலைவர் வம்சம் வடக்குத்தெரு பூராவும், அறுபது வீடு. அவன் பெயரைச் சொன்னால் அன்றைக்கே சங்கம் இரண்டு துண்டு, போராட்டம் மண். சொல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டு அதுவும் மண். அப்போது ஒரு பெயர் தேவைப்பட்டது. உறவு இல்லாத பெயர். ராமநாதபுரம் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்க வந்து, தெருக்கோடியில் ஓலைக் குடிசை போட்டு, அடித்தால் கேட்க ஒரு பங்காளி இல்லாத இருளப்பன். அவனை யாரோ மேனேஜர் பங்களாப் பக்கம் பார்த்திருந்தார்கள். போதும். ஒரு முழு வெள்ளைத்தாளில் ஒரே மூச்சில் எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படி வந்து விழுந்தது அவர் எழுத்து வாழ்க்கையில் அது ஒன்றுதான். முழுக்க முழுக்கக் கேள்விகள். ஒரு வாக்கியம்கூட இன்னது நடந்தது என்று சொல்லாது, கேட்கும், கேட்டுவிட்டு நகர்ந்துவிடும். கொம்பையா நோட்டீஸில் பொய் இருக்காது என்று எதிரிகள்கூடச் சொல்வார்களே, அது இன்றும் நிற்கும், கேள்வி எப்படிப் பொய்யாகும்? ரோஸ் தாளில் ஆயிரம் பிரதி, கீழே போராட்டக் குழு என்று மட்டும். அச்சகத்திலிருந்து கட்டைச் சுமந்து வந்தவன் பலவேசம். "என்ன அண்ணாச்சி போட்டிருக்கு?" "இருளப்பன்தான் காட்டிக்குடுக்கான்னு போட்டிருக்கு." பொய் இல்லாத நோட்டீஸுக்கு அந்த ஒரு வரிதான் பொய், அது அச்சில் இல்லை, பலவேசத்தின் காதில் மட்டும் இருந்தது.

மறுநாள் கடையில் இருளப்பனுக்குச் சாமான் இல்லை. கிணற்றடியில் பூரணத்தின் குடத்தைத் தள்ளிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் பலவேசம் போய், அவள் எங்கேயோ மைல் கணக்கில் நடந்து எடுத்து வந்து மூடி வைத்திருந்த குடிதண்ணீர்ப் பானையில் அளத்து உப்புநீரை ஊற்றிவிட்டு வந்தான். யார் சொல்லி? யாரும் சொல்லவில்லை. எழுத்து சொல்லிற்று. வந்து சொன்னபோது கொம்பையா என்ன சொன்னார்? சிரித்தார். ஆமாம், சிரித்தார். நாற்பத்து நான்காவது நாள் கோரிக்கை வென்றது, மாலை, மேளம், ஊர்வலம். ஊர்வலம் அளத்துக்குள் நுழைந்தபோது உப்புநீர் தேக்கி வைக்கிற குளத்தில் இருளப்பன் குப்புறக் கிடந்தான். முழங்கால் அளவு நீர். குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்றார்கள். அவன் குடிக்கமாட்டான். முழங்கால் தண்ணீரில் ஒரு மனிதன் சாக வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் மனசு மாறாமல் படுத்திருக்க வேண்டும் என்று கொம்பையா கணக்குப் போட்டது ஒரு தடவைதான், அதற்குப் பிறகு போடவில்லை. போடவில்லையா? பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம், கக்கூஸில், எத்தனை தடவை. நோட்டீஸ் எழுதினது யார் என்று பேச்சு வந்த காலத்தில் எழுதுகிறவர்கள் மூன்று பேர், இரண்டு பேர் செத்துப்போனார்கள், பழி மெல்ல அவர்கள் மேல் போய் உட்கார்ந்தது. அவர் ஏற்றி வைக்கவில்லை. இறக்கியும் வைக்கவில்லை. காட்டிக்கொடுத்தவன் இருளப்பன் இல்லை என்று பலவேசத்திடம் மட்டும், ஜெயிலில் ஒரு ராத்திரி, சொல்லியிருந்தார்.

இப்போது பலவேசம் சொல்லட்டும், சொன்னால் பதில் இருக்கிறது. எழுந்து நின்று, தோழர்களே, இல்லை, இங்கே என்ன சொல்லிக் கூப்பிடுவது, பெரியோர்களே, அன்றைய வரலாற்றுச் சூழ்நிலையை மறந்துவிட்டு ஒரு தனிமனிதச் சாவை... இல்லை. அது கூட்டு முடிவு... இல்லை, கூட்டம் கூடவே இல்லை, அன்றைக்கு மத்தியானம் அவர் ஒருவர்தான். இந்த மதம் மட்டும் என்ன யோக்கியமா, இதன் பெயரால் எரித்தவர்கள் எத்தனை... அது சரி, அது இருளப்பனுக்குப் பதிலா. எழுந்து போய்விடலாம், செருப்பு பக்கத்திலேயே கிடக்கிறது, நான்கு எட்டு. போனால் ஓடினவன் ஆகிறோம், லத்திக்கு ஓடாதவன். பயமா எனக்கு? பூரணத்தின் பிடரியில் வியர்வை ஒரு கோடாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் அவளை எத்தனையோ தடவை எதிரே கண்டிருக்கிறார். அவள் ஒவ்வொரு தடவையும் "வாரிகளா அண்ணாச்சி" என்று ஒதுங்கி வழிவிடுவாள். கண்ணாடியும் பூட்ஸும் வாங்கித் தந்த மனுசன் என்று. அந்த ஒதுங்கல் இன்றோடு முடிந்தது. ஜெபம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் பேசினார்கள், புரியாத பாஷையில் ஒருத்தி அழுதாள், பிறகு எல்லாம் ஒரு நொடியில் அடங்கிற்று, ஒரு காக்கை தகரத்தில் நடப்பது கேட்டது. பாஸ்டர், "சாட்சி நேரம். பலவேசம் பிரதர், சொல்லுங்க" என்றார்.

பலவேசம் மைக்கைக் குடிகாரன் பாட்டிலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தான். குடித்ததைச் சொன்னான். பெண்டாட்டியை அடித்ததைச் சொன்னான், எந்தக் கையால் என்றுகூடச் சொன்னான். டெய்லரைச் சொன்னான், பல்லு போன கிளீனரைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினான். "பூரணம், ஒன் வீட்டுப் பானையில உப்புத்தண்ணி ஊத்துனது நாந்தான்." அந்த முதுகு அசையவில்லை. வருகிறது, வந்துவிட்டது, கொம்பையா நாற்காலியின் பிளாஸ்டிக் கையை இறுக்கினார், அது நெளிந்தது. "அந்த ரோஸ் நோட்டீஸு. ஒன் மாப்பிள்ள மேல போட்டது. அவரு காட்டிக்குடுக்கல. பொய்யி. அத எழுதுனது..." நிறுத்தினான். எங்கே நிறுத்தினால் ஜனம் மூச்சை அடக்கும் என்று இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது. "அத எழுதுனதும் நாந்தான். நானே எழுதி, நானே அடிச்சுக் குடுத்தேன். வேற ஒருத்தருக்கும் அதுல பங்கு இல்ல."

கொம்பையாவின் பெயர் வரவில்லை. பெயர் வராதபோது நெஞ்சு இறங்க வேண்டும் அல்லவா, வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருக்கிற மூச்சு வெளியே வர வேண்டும் அல்லவா, வரவில்லை. எழுதினானா? இவனா? 'அ' எழுத ஆறு மாதம் ஆகி அதுவும் வராதவன். தப்பித்தாயிற்று, கொம்பையா, எழுந்து போ, நான்கு எட்டில் செருப்பு. பூரணம் மெல்ல எழுந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. தொட்டியைச் சுற்றி நடந்து போய்ப் பலவேசத்தின் முன்னால் நின்றாள். என்ன சொல்வாளோ என்று எல்லாரும் பார்த்தார்கள். அவன் தலையில் கையை வைத்தாள். "மன்னிச்சுட்டேன்யா" என்றாள், "எல்லாத்தையும்." எல்லாத்தையும்! சபை அல்லேலூயா என்று எழும்பிற்று, கஞ்சிரா அடித்தது, பலவேசம் குழந்தை மாதிரி அழுதான். கொம்பையா நாற்காலியின் நுனிக்கு வந்தார். அந்த மன்னிப்பு என்னுடையது. அவள் இப்போது கொடுத்தாளே, நாற்பத்திரண்டு வருடத்துக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தாளே, அது தப்பான ஆளுக்குப் போய்விட்டது. கொடுத்தாயிற்று, தீர்ந்தாயிற்று, இனி எனக்கென்று ஒன்றும் இல்லை. வேண்டும் என்று யார் கேட்டது? நான் கேட்கவில்லையே. அப்புறம் ஏன் கால் எழும்புகிறது. திமிரா இது? என் எழுத்தை இன்னொருத்தன் பெயரில் போட விடமாட்டேன் என்கிற திமிரா? வேறு ஏதாவதா? பார்க்க நேரமில்லை, எழுந்தாயிற்று, கூட்டங்களைக் கலைத்த அதே குரல், மைக் தேவைப்படாத குரல், அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"பொய்! அவன் பொய் சொல்லுதான்!"

எண்பத்து மூன்று தலையும் திரும்பிற்று. கஞ்சிரா நின்றது.

"அவனுக்கு எழுதத் தெரியாதுவே! கையெழுத்துப் போடத் தெரியாது அவனுக்கு. பெருவிரல் நாட்டுதவன் நோட்டீஸ் எழுதுவானா? ஒங்க சபையில யாருக்கும் புத்தி கெடையாதா?"

"அண்ணாச்சி, உக்காருங்க" என்றான் பலவேசம். மைக்கில்தான் சொன்னான், கெஞ்சினான். "நான் ஏத்துக்கிட்டேம்லா. முடிஞ்சு போச்சு. நீங்க உக்காருங்க."

பாஸ்டர் முகம் வெளிறியது. "பிரதர், சாட்சியில பொய் சொல்லக்கூடாது பிரதர். அது பாவம்."

"பொய் இல்ல பாஸ்டர், சொமக்குதேன். நீங்கதான சொன்னீய, அவரு செய்யாதத எல்லாம் செஞ்சதா ஏத்துக்கிட்டுத்தான் சிலுவையில தொங்கினாருன்னு. நான் சொமட்டுக்காரன், எனக்கு இது ஒரு பாரமா? அண்ணாச்சிக்கு வயசாயிட்டு. அவரு வந்து எறக்க மாட்டாரு. அதான் சேத்து வச்சுக்கிட்டேன்."

பாஸ்டர் பைபிளைப் புரட்டினார். கொம்பையா பலவேசத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் படித்துக் காட்டினேன், ஏறல என்றோமே. இவன் தலையில் என்ன ஏறியிருக்கிறது பார், ஏறியதைத் தப்பாகப் புரிந்துகொண்டு எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான் பார். கல்லுக்கு நெற்றியைக் காட்டினவன் இன்றைக்கும் மேடைக்குப் பின்னாலிருந்து வந்து நடுவில் நிற்கிறான். நெற்றிக்குப் பதில் ஆத்துமாவையே நரகத்துக்குக் காட்டுகிறான். அவன் நம்புகிறான், நரகம் என்று ஒன்று நிசமாகவே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு காட்டுகிறான். பூரணம் இன்னும் பலவேசத்தின் பக்கத்தில்தான் நின்றாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அப்ப எழுதுனது ஆரு அண்ணாச்சி?"

"நான்."

மைக்செட்காரன், சாட்சி சொல்ல யார் எழுந்தாலும் கொடுக்கிற பழக்கத்தில், ஓடிவந்து இன்னொரு மைக்கை அவர் கையில் திணித்துவிட்டுப் போனான். ஐம்பது வருடமாக மைக்கைப் பார்த்ததும் நிமிர்கிற முதுகு நிமிரவில்லை.

பூரணம் அழவில்லை. நெற்றியைச் சுருக்கி, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து ஆள் கிடைக்காத ஒன்றைக் கேட்கிற மாதிரி கேட்டாள்: "அதுல என்னதான் எழுதியிருந்தீய? எனக்கு வாசிக்கத் தெரியாது. அவரு வாசிச்சாரு, மடிச்சு மடியில வச்சாரு, எங்கிட்டச் சொல்லல. தெருவுல ஒருத்தரும் சொல்லல. இப்பச் சொல்லும்."

சொல்லும் என்றாள். சொல்லுங்க அல்ல.

மறந்துவிட்டது என்று சொல்லலாம், யார் நம்பமாட்டார்கள். ஆனால் ஒரு எழுத்து மறக்கவில்லை. கொம்பையா சொன்னார். குரல் தாள் மாதிரி இருந்தது. "தொழிலாளத் தோழர்களே. சில கேள்விகள். மேனேஜர் பங்களாவின் பின்வாசலில் இருளப்பனுக்கு என்ன வேலை?"

கேள்வி என்றால் கூட்டம் கொதிக்கும், முஷ்டி உயரும், அதற்காக எழுதுவது. பதில் வரும் என்று எழுதுவது இல்லை. பூரணம் பதில் சொன்னாள்.

"இவளுக்கு வலிப்பு வந்துட்டு" என்று, பாடிக்கொண்டிருந்த அந்த நடுவயசுப் பெண்ணைக் காட்டினாள். "எம் மவ, அப்ப நாலு வயசு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவக் காரு கேக்கப் போனாரு. முன்வாசல்ல விடமாட்டம்னுட்டானுவ. காரும் குடுக்கல. தோள்ல போட்டுட்டு ஓடுனாரு. பெறவு?"

"நாமெல்லாம் பட்டினி கிடக்க, இவர் வீட்டு அடுப்பு மட்டும் புகைவது எப்படி?"

"பொகைஞ்சுது. உப்போடையில நண்டு புடிச்சிட்டு வருவாரு, அவிப்பேன். பக்கத்து வீட்டுக்கும் ரெண்டு குடுப்பேன், அவளக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா." ரேஷன் கார்டுக்கு விசாரிக்க வந்த அதிகாரிக்குச் சொல்வது போல, ஒன்றையும் விடாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "பெறவு?"

"சொந்த ஊரை விட்டு இவர் ஏன் வந்தார்? அங்கே என்ன செய்துவிட்டு வந்தார்?"

"மழை இல்ல. மூணு வருசம். ரெண்டு மாடு செத்துது, புதைச்சிட்டு வந்தாரு. பெறவு?"

இன்னும் ஒன்று இருந்தது. கடைசிக் கேள்வி, கொட்டை எழுத்தில், தனி வரியாக. பலவேசம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இது எதுவும் தெரியாது, இன்றைக்குத்தான் அவனும் முதன்முதலாகக் கேட்கிறான், தான் சுமந்த கட்டுக்குள் என்ன இருந்தது என்று. கொம்பையா மைக்கைத் தாழ்த்தப் பார்த்தார். அந்தப் பெண், வலிப்பு வந்த பெண், அவரையே பார்த்தாள்.

"தோழர்களே, இவரை என்ன செய்யலாம்?"

பூரணம் தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள்.

"அதான் செஞ்சாச்சே, அண்ணாச்சி" என்றாள்.

பிறகு அவள் தன் நாற்காலிக்கு நடந்தாள், தொட்டி ஓரத்து ஈரத்தில் வழுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. சுவரில் தொங்கின இரண்டு பெட்டி ஸ்பீக்கரிலும் யாரோ ஒரு கிழவன் மூச்சு வாங்குவது பெரிதாகக் கேட்டது. அது யார் என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள், கையில் இருந்த மைக்கோடு கொம்பையாவும் திரும்பிப் பார்த்தார்.